களப்புக்குக் கமராவோடு போன பிள்ளைகள்

திருகோணமலையில் இயற்கையைப் படம் எடுக்கப் பழக்கவென்று பிள்ளைகளின் கையில் கமராவைக் கொடுத்து வெளியே அழைத்துப் போக நினைப்பவர்கள் முதலில் கடிதங்களைத் தயார்படுத்த வேண்டும். துறைமுகத்தைச் சுற்றிக் கடற்படை. பிரட்றிக் கோட்டைக்குள் இராணுவம். கோணேசர் கோயிலுக்கே அந்தக் கோட்டை வாசலால்தான் போக வேண்டும். லென்ஸை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரு மதிலோ காவலரணோ பின்னணியில் வந்து நிற்கும். மீன்பிடிக் கிராமத்துப் பையன் ஒருவன் கழுத்தில் கமராவோடு தனியே நின்றால், "இது யாருடையது, எங்கே எடுத்தாய்?" என்ற கேள்வி உடனே வரும்.

எங்கள் குழுவில் பாதிப்பேர் ஒரு சிறுவர் இல்லத்துப் பிள்ளைகள். மீதிப்பேர் சாம்பல்தீவுக்கு வடக்கே கடற்கரையோரம் இருப்பவர்கள். பலர் சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்தியவர்கள். இல்லத்துப் பிள்ளைகளை வெளியே கூட்டிச் செல்ல நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். அதைக் கேட்பது நியாயம்தான். கேட்காமல் கூட்டிப் போகிறவர்களைத்தான் நான் சந்தேகிப்பேன். ஆனால் இன்னோர் அலுவலகத்தில், "பறவையைப் படம் பிடித்து இந்தப் பிள்ளைகளுக்கு என்ன கிடைக்கப் போகிறது? தையல் படிப்பியுங்கள்" என்று சொல்லிக் கோப்பை மேசையின் மறுபக்கத்துக்குத் தள்ளிவிட்டார்கள். பெற்றோரின் சம்மதம், கிராம உத்தியோகத்தரின் கையொப்பம் எல்லாம் வந்த பிறகு, தமிழிலும் சிங்களத்திலும் ஒரு கடிதம் அடித்து, லமினேற் செய்து ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் வைத்தோம். கமராவை விட அதிகம் பயன்பட்டது அந்த அட்டைதான்.

கமராக்கள் அலுமாரிகளுக்குள் இருந்து வந்தன. எல்லோரும் போனுக்கு மாறிவிட்டதால் பழைய சின்னக் கமராக்கள் வீடுகளில் சும்மா கிடக்கின்றன. கலியாணப் படம் எடுக்கும் ஸ்டூடியோக்காரர் ஒருவர் தன் பங்குக்குச் சிலவற்றைத் தந்தார். போன் போதாதா என்று பலர் கேட்டார்கள். அப்பா கடலுக்குப் போகும்போது போனும் கடலுக்குப் போய்விடும். அதோடு, உண்மையான சூம் உள்ள கமரா பறவையிடம் இருந்து பிள்ளையைத் தள்ளியே நிற்க வைக்கும். போனோடு போகிறவர் கூட்டுக்குள் தலையை விடுவார். இரண்டு பேருக்கு ஒரு கமரா கொடுத்தோம். ஒருவர் எடுக்கும்போது மற்றவர் சும்மா பார்த்துக்கொண்டு இருந்தாக வேண்டும். பார்க்கப் பழகுவது அந்த இடைவெளியில்தான் நடந்தது.

உதவி செய்ய வந்தவர்களுக்கெல்லாம் திமிங்கில ஆசை. திருகோணமலைக் கரையை ஒட்டியே கடல் திடீரென்று ஆழமாகிறது. துறைமுகத்திலிருந்தே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று தொடங்குகிறது. அதனால்தான் மார்ச், ஏப்ரல் மாதங்களில் நீலத் திமிங்கிலங்களை இங்கே பார்க்க முடிகிறது. ஆனால் படகுக்கு ஆகும் காசில் படங்களையெல்லாம் அச்சடித்துவிடலாம். சின்னக் கமராவில் திமிங்கிலம் ஒரு கறுப்புப் புள்ளிதான். பிள்ளைகளின் வீடுகளுக்குப் பின்னால் உள்ள களப்போரத்துக்கே திரும்பத் திரும்பப் போவதென்று முடிவு செய்தோம். காலை ஆறு மணிக்கு, வெயில் ஏறும் முன்பு.

முதலில் அவர்களுக்கு அலுப்பு. "இங்கே என்ன அக்கா இருக்கிறது, கண்டலும் சேறும்தானே?" பிறகு ஒரு நாள், நண்டு பிடிக்கத் தெரிந்த பையன் ஒருவன், கண்டல் மரத்தில் முருங்கைக்காய் போலத் தொங்குவதைப் படம் எடுத்து வந்து, அது காய் அல்ல, மரத்திலேயே முளைத்துவிட்ட கன்று என்று எங்களுக்கு விளக்கினான். விழுந்தால் சேற்றில் நட்டுக்கொண்டு நிற்கும் என்பதை அவன் சிறு வயது முதல் கண்டிருக்கிறான். அதைப் பெரியவர்கள் யாரும் அவனிடம் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

ஆட்காட்டியின் கூட்டைக் கண்டவள் இல்லத்துப் பிள்ளை. கூடு என்று சொல்ல எதுவும் இல்லை. வெறுந்தரையில் சரளைக் கல்லோடு கல்லாக நான்கு முட்டைகள். தாய்ப்பறவை தலைக்கு மேல் கத்திச் சுற்றியது. எல்லோரையும் பின்னால் இழுத்து, ஒரு தாழம் புதருக்குப் பின்னால் இருக்க வைத்தோம். வைகாசி வெயில். வெகு நேரத்துக்குப் பிறகு பறவை திரும்பி வந்தது. நேரே கூட்டுக்கு வரவில்லை. முதலில் தண்ணீருக்குள் இறங்கி வயிற்றை நனைத்துக்கொண்டது, பிறகு வந்து முட்டைகளின் மேல் நின்றது. ஈரவயிறு முட்டைகளின் சூட்டைத் தணிக்கும் என்று புத்தகத்தில் படித்திருக்கிறேன். கண்ணால் பார்த்தது அன்றுதான். அவள் எடுத்த படம் சற்றுக் கலங்கியது. ஆனால் வயிற்று இறகுகள் ஒட்டிக்கொண்டு, ஒரு துளி நீர் தொங்குவது தெரிகிறது. அந்தப் பாதையால் சைக்கிள் விடும் பையன்களை அடுத்த வாரம் முழுவதும் அவள்தான் மறித்துச் சுற்றி அனுப்பினாளாம்.

இவ்வளவும் நடந்தாலும், இயற்கையைப் பாதுகாப்பது என்ற பேச்சு களத்தில் வந்ததைவிடப் பாயில்தான் அதிகம் வந்தது. எடுத்த படங்களில் சிலவற்றை அச்சடித்துப் பாயில் பரப்புவோம். ஒவ்வொருவரும் ஒன்றைத் தெரிந்து, ஏன் என்று சொல்லி, கீழே இரண்டு மூன்று வரி எழுத வேண்டும். இது எங்கள் கண்டுபிடிப்பு அல்ல. 1990களில் கரோலைன் வாங், மேரி ஆன் பரிஸ் இருவரும் சீனாவின் யுனான் மாகாணத்துக் கிராமப் பெண்களிடம் கமராக்களைக் கொடுத்து வளர்த்தெடுத்த முறை, போட்டோவாய்ஸ் என்பார்கள். படம் நன்றாக இருக்கிறதா என்று யாரும் கேட்கக் கூடாது என்பது மட்டும் நாங்கள் சேர்த்த விதி.

நகரத்துப் புள்ளிமான்களை எல்லோரும் எடுப்பார்கள். கடற்கரையிலும் பஸ் நிலையத்துப் பக்கத்திலும் மாடு போல் திரிகின்றன. சுற்றுலாப் பயணிகள் தீனி கொடுத்துச் செல்பி எடுக்கிறார்கள். ஒரு பையன் தரையோடு படுத்து எடுத்த படத்தில், மானின் வாயில் ஒரு லஞ்ச் சீற், சோற்றுப் பார்சல் கட்டும் பொலித்தீன் தாள். கீழே எழுதியிருந்தான்: "இது சாப்பாடு சாப்பிடவில்லை. கறியை நக்குகிறது. பிறகு சீற்றையும் விழுங்கும்." 2017 செப்டெம்பரில் பொலித்தீன் லஞ்ச் சீற்றுகளுக்குத் தடை வந்ததே என்று நான் தொடங்கினேன். அவன் இடைமறித்தான்: "எங்கள் அம்மாவும் இதில்தான் சோற்றுப் பார்சல் கட்டுகிறா." யாரும் சிரிக்கவில்லை. வாழையிலை என்ன விலை, மழைக்காலத்தில் கிடைக்குமா, பாத்திரம் கொண்டு வருபவருக்கு விலை குறைத்தால் என்ன என்று பேச்சு வேறு திசையில் போனது. அம்மா இன்னும் சீற்றை விடவில்லை. பாத்திரத்தோடு வருபவருக்கு மட்டும் ஒரு கரண்டி சோறு கூட.

புறாமலைக்குக் கடைசியில்தான் போனோம். 1963 இல் சரணாலயமாக்கப்பட்டு 2003 இல் தேசிய பூங்காவான இடம். நிலாவெளிக் கரையில் நின்றால் கண்ணுக்கு எதிரே தெரியும் அந்தத் தீவில் பிள்ளைகளில் பலர் கால் வைத்ததே இல்லை. தண்ணீருக்குள் எடுக்கக் கமரா இல்லாததால், முட்டளவு நீரில் நின்று முருகைக்கற்களை, அதாவது பவளப் பாறைகளை, மிதிப்பவர்களின் கால்களைக் கரையில் இருந்து எடுத்தார்கள். வரிசையாகக் கால்கள் மட்டும். என்னைக் கேட்டால், நாங்கள் எடுத்ததிலேயே கூர்மையான தொடர் அதுதான்.

படங்களின் கண்காட்சியை மீனவர்களின் வாடி ஒன்றில் வைத்தோம். வலைக்கயிற்றில் உடுப்புக் கிளிப்பால் படங்களைத் தொங்கவிட்டோம். அதற்கு முதல்நாள் ஒரு சிக்கல். ஒரு பையன் வெடி வைத்துப் பிடித்த மீன்களையும், அவற்றை இறக்கும் படகையும் எடுத்திருந்தான். படகின் இலக்கம் தெளிவாகத் தெரிந்தது. அதைத் தொங்கவிட மாட்டேன் என்று சொன்னேன். "பிறகு ஏன் அக்கா எடுக்கப் பழக்கினீர்கள்?" என்று கேட்டான். அவன் கோபம் சரியானதே. ஆனால் கண்காட்சி முடிந்து நான் வீட்டுக்குப் போய்விடுவேன், அவன் அதே கரையில்தான் இருக்க வேண்டும். கடற்சூழலுக்காகப் பதினாறு வயதுப் பிள்ளையைச் சாட்சியாக்க எனக்கு உரிமை இல்லை. இந்த வேலையைத் தொடங்குகிற எவரும் இதை முதல் நாளே பெற்றோரோடும் பிள்ளைகளோடும் பேசி முடிவெடுத்து வைப்பது நல்லது.

இரவு அவனே ஒரு வழி சொன்னான். படகு வேண்டாம், ஆள் வேண்டாம், இடம் வேண்டாம். ஒரு மீன் மட்டும், முழுப்படமும் அதுதான். கண்ணில் இரத்தம், தொய்ந்த உடம்பு. கீழே ஒன்றும் எழுதவில்லை.

மறுநாள் வந்த கரைவலைச் சம்மாட்டி (வலைச் சொந்தக்காரர்) ஒருவர் மான், கால்கள், கண்டல் எல்லாவற்றையும் வேகமாகக் கடந்து வந்து அதன் முன்னால் நின்றார். மீனின் முதுகில் விரலை வைத்து, "முள் உடைந்திருக்கும்" என்றார். பிறகு, குஞ்சும் சேர்ந்து செத்தால் கரைவலைக்கு என்ன வரும் என்று பக்கத்தில் நின்றவர்களிடம் சத்தமாகவே பேசத் தொடங்கினார். யார் எடுத்தது என்று அவர் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

வாடைக்காற்றுக் காலத்தில் எல்லாவற்றையும் நிறுத்தி வைத்திருக்கிறோம். உப்பும் மணலும் ஏறிச் சில லென்ஸுகள் வெளியே வர மறுக்கின்றன. திருத்துவதைவிட வேறு தேடுவது மலிவு. உங்கள் அலுமாரியில் சார்ஜரோடு ஒன்று கிடந்தால் அனுப்புங்கள். சார்ஜர் இல்லாவிட்டால் வேண்டாம், அப்படி ஒரு பெட்டி நிறைய ஏற்கெனவே இருக்கிறது.