வச்சுக்கோங்க

மதுரையில் சிவில் வழக்குகள் பார்க்கிறேன். பெரும்பாலும் பாகப்பிரிவினை, வரப்புத் தகராறு, காலி செய்யாத வாடகைக்காரர், இந்த மாதிரிதான். நாய்க்காக ஒருவர் என்னிடம் வந்தது ஒரே ஒரு முறை. (அடையாளம் தெரியாதபடி கொஞ்சம் மாற்றித்தான் எழுதுகிறேன்.)

ஓய்வுபெற்ற ஆசிரியர். வக்கீல் நோட்டீஸை நீட்டி, "வக்கீலம்மா, என்னைத் திருடன்னு எழுதியிருக்காங்க" என்றார். அதில் இருந்தது 'நம்பிக்கை மோசடி'. அவருக்கு இரண்டும் ஒன்றுதான். பக்கத்து வீட்டில் குடியிருந்த தம்பதி பெங்களூருக்கு மாற்றலாகிப் போகும்போது லேப்ரடாரை இவரிடம் விட்டுப் போயிருக்கிறார்கள், பதினான்கு மாதம் கழித்து தனி வீடு கிடைத்ததும் திருப்பிக் கொடுங்கள் என்கிறார்கள்.

திருட்டு என்றால் என்ன என்று விளக்க 1860-ஆம் ஆண்டு தண்டனைச் சட்டம் சொன்ன உதாரணங்களில் ஒன்றே நாய்தான். பையில் தீனியை வைத்துக்கொண்டு அடுத்தவர் நாயைப் பின்னால் வரவைப்பது. 2024-ல் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டத்திலும் அது இருக்கிறது. "நீங்க பொறை போட்டு இழுக்கலையே சார்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

சட்டத்துக்கு நாய் ஒரு அசையும் சொத்து, பைக் மாதிரி, கட்டில் மாதிரி. பைக்குக்காவது ஆர்.சி. புத்தகம் உண்டு, இங்கே இருந்தது இரண்டு பேர் பெயரும் அடுத்தடுத்து எழுதிய ஒரு தடுப்பூசி அட்டை. அசையும் சொத்தைத் தானமாகக் கொடுக்கப் பத்திரம்கூட வேண்டாம், 1882-ஆம் ஆண்டு சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 123-ஆவது பிரிவுப்படி தானமாக ஒப்படைத்து, வாங்குகிறவரும் ஏற்றுக்கொண்டால் போதும், அப்புறம் மனசு மாறிவிட்டது என்று திரும்பக் கேட்க முடியாது. ஆனால் பார்த்துக்கொள்ளத்தான் விட்டோம் என்றால் கதையே வேறு. திருப்பித் தர வேண்டும், இவர் செய்த அவசியச் செலவை அவர்கள் தர வேண்டும்.

ஆக, எல்லாம் அன்றைக்கு என்ன சொன்னார்கள் என்பதில் நிற்கிறது. வாட்ஸ்அப்பில் தேடியதில் கிடைத்தது இவ்வளவுதான்: "சார், ரோஜரை வச்சுக்கோங்க, நல்லா பாத்துக்கோங்க. நாங்க வந்து பாக்குறோம்."

இதை வைத்துக்கொண்டு நான் என்ன வாதாட? பக்கத்து வீட்டுக்கு ஒரு வாரத்துக்குக் குக்கரைக் கொடுக்கும்போதும் வச்சுக்கோங்க என்கிறோம், பேத்தி கையில் நூறு ரூபாயைத் திணிக்கும்போதும் வச்சுக்கோ என்கிறோம். 'வந்து பாக்குறோம்' அதைவிட மோசம்.

இன்னொரு சிக்கல், வழக்கு போட்டால் நாய்க்கு ஒரு விலை போட்டாக வேண்டும். பொருளை ஒப்படைக்க முடியாவிட்டால் பதிலுக்கு எவ்வளவு பணம் என்று தீர்ப்பாணையில் எழுத வேண்டும், சிவில் நடைமுறைச் சட்டம் அப்படி. எதிர்த்தரப்பு வக்கீல் போனில், "பன்னெண்டாயிரத்துக்கு வாங்கினதாம் மேடம், இப்ப ஆறு வயசு, தேய்மானம் கழிக்கணுமா?" என்றார். விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால் நானும் ஒரு நிமிஷம் கணக்குப் போட்டேன்.

கடைசியில் என் அலுவலகத்திலேயே உட்கார்ந்து பேசினோம். நாயும் வந்தது. உள்ளே நுழைந்ததும் நேராக அந்தப் பெண்ணிடம் ஓடி, மடியில் காலைத் தூக்கிப் போட்டு முகத்தை நக்கியது. நாயின் விருப்பத்துக்குச் சட்டத்தில் மதிப்பில்லை என்று தெரிந்தும் எனக்குத் திக்கென்றது. ஆசிரியர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் நாயின் காது மடலைத் திருப்பிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். அவர்களிடம் இருந்தவரை அடிக்கடி சீழ் பிடித்துக்கொண்டிருந்த காதாம்.

"சார், காது சுத்தமா இருக்கே?"

"தினம் ராத்திரி துடைச்சு விடுறேன்மா. ஈரம் நிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரு."

அதற்கப்புறம் பேச்சு நீளவில்லை. நாய் ஆசிரியரிடமே இருக்கட்டும், ஊருக்கு வரும்போதெல்லாம் அவர்கள் வந்து பார்க்கலாம் என்று முடிவானது. முத்திரைத்தாளில் 'வச்சுக்கோங்க' வராமல், 'நிரந்தரமாகவும் திரும்பப் பெற இயலாதபடியும்' என்று எழுதினேன். பெயரில்தான் கொஞ்ச நேரம் போனது. ஆசிரியர் வீட்டில் அதை மணி என்றுதான் கூப்பிடுகிறார்கள். 'ரோஜர் என்கிற மணி' என்று சொன்னேன். தட்டச்சு செய்த பையன் பழக்கதோஷத்தில் நிறுத்தி, "மேடம், தகப்பனார் பேரு?" என்றான்.