குரோம் ஸ்போக் வீலில் துரு எங்கே தொடங்குகிறது

குரோம் பூச்சு துருப்பிடிப்பதில்லை. அதன் நுண்ணிய வெடிப்புகள் வழியே ஈரம் இறங்கி, அடியிலிருக்கும் இரும்புதான் துருப்பிடிக்கிறது. ஸ்போக் கம்பியை ரிம்மோடு இறுக்கும் சிறு திருகான ஸ்போக் நிப்பிள், ரிம்மில் நுழையும் இடத்தைப் பாருங்கள். தண்ணீர் தங்குவது அங்கேதான், முதல் புள்ளியும் பெரும்பாலும் அங்கேதான்.

வீல் ஆறியபின் ஷாம்பு தண்ணீரில் கழுவுங்கள். நிப்பிள்களுக்குப் பழைய டூத்பிரஷ் போதும். செயினுக்குப் போடும் எண்ணெய் (லூப்) தெறித்த பிசுக்கை மண்ணெண்ணெயில் நனைத்த துணி எடுத்துவிடும். ஆசிட் கலந்த வீல் கிளீனர் வேண்டவே வேண்டாம். வெடிப்புக்குள் புகுந்து உள்ளிருந்து அரிக்கும்.

லேசான துருவுக்கு அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேயுங்கள்: அலுமினியம் குரோமைவிட மென்மையானது. பூச்சே உரிந்திருந்தால் எந்தப் பாலிஷும் உதவாது, மறுபடி முலாம் பூச வேண்டியதுதான்.

கடைசியாக, பிளோயரால் நிப்பிள்களை ஊதிக் காயவைத்து மெல்லிய மெழுகுப் பூச்சு கொடுங்கள். பிரேக் டிஸ்க்கில் மெழுகு ஒரு பொட்டுகூடப் படக்கூடாது, பிரேக் வழுக்கும்.