பின் சக்கரமும் திரும்பும் கார்

ரோட்டோரக் காண், அதாவது வடிகால், ஓரமாக நிறுத்திய காரை எடுக்கும்போது ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கக் கூடாது என்பதை இலங்கை மலைநாட்டுத் தலவாக்கலை டவுனில் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வேறு காரென்றால் மூக்கு வெளியே வரும், வால் பின்னாலேயே வந்துவிடும். என் ஹோண்டா ப்ரெலூட்டில் பின் சக்கரங்கள் எதிர்ப்பக்கம் திரும்புவதால் வால் முதலில் காண் பக்கம்தான் போகும். சிமெந்து விளிம்பில் டயர் உரசிய சத்தத்துக்குப் பக்கத்து த்ரீவீல்காரர் தேநீரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

1987இல் ஹோண்டா இறக்கிய மூன்றாம் தலைமுறைக் கார் இது. நாலு சக்கர ஸ்டியரிங் என்றதும் கம்ப்யூட்டர் சமாசாரம் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி ஒன்றும் இல்லை. முன் சக்கரங்களைத் திருப்பும் ரேக்கிலிருந்து ஒரு நீள ஷாஃப்ட் காரின் அடியால் பின்னுக்குப் போகிறது, அங்கே ஒரு கியர்பொக்ஸ், எல்லாமே வெறும் இரும்பு. ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திருப்பினால் பின் சக்கரம் முன் சக்கரம் போகும் பக்கமே திரும்பும், கூடிப்போனால் 1.5 பாகை. இன்னும் திருப்பினால் நேராகி, அதற்கு மேல் எதிர்ப்பக்கம் 5.3 பாகை வரை போகும். றம்பொடை வளைவுகளில், எதிரே பஸ் வந்து ஒதுங்க இடமில்லாத நேரத்தில், அந்த ஐந்து பாகையின் அருமை தெரியும்.

ஆனாலும் யாரைக் கேட்டாலும் ஒரே புத்திமதிதான்: "தம்பி, பின்னால உள்ளத லொக் பண்ணிட்டு சாதாரண காரா ஓட்டுங்க." நானும் ஒரு கட்டத்தில் அந்த முடிவுக்கு வந்திருந்தேன். நேர் ரோட்டிலும் கார் நண்டு மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து போனது, ஆறு மாதத்தில் இரண்டு பின் டயரும் உட்பக்கம் தேய்ந்து கம்பி தெரிந்தது. கடைசியில் பார்த்தால் குற்றம் காரில் இல்லை, வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்க்கும் வேலை, செய்த விதத்தில். பின்பக்க கியர்பொக்ஸை நடு நிலையில் வைத்து, அதன் துளையில் ஒரு லொக் ஊசியைப் போட்டுவிட்டுத்தான் பின் சக்கரங்களைத் திருப்பும் கம்பியான டை ரொட்டைத் தொட வேண்டும், அதற்குப் பிறகுதான் முன் பக்கம். டவுனில் செய்தவர்கள் அப்படி ஒரு துளை இருப்பதையே பார்க்கவில்லை. அவர்களைச் சொல்லியும் என்ன, இந்தக் கார் அவர்களிடம் எத்தனை தடவை வந்திருக்கும்? இப்போது நானே கூட நின்று, அந்த ஊசி இறங்கிய பிறகுதான் மெஷினை ஓட்டச் சொல்கிறேன்.

டயர் தேய்ந்ததில் என் பங்கும் உண்டு, மறைக்கவில்லை. வாங்கிய புதிதில் ஆசைப்பட்டுக் காரின் உயரத்தைக் குறைத்துப் பதித்தேன். ஸ்பிரிங்கை மாற்றியதும் பின் சக்கரம் இரண்டும் மேல்பக்கம் உள்ளே சாய்ந்துவிட்டன. பார்க்க அழகாகத்தான் இருந்தது, ஆனால் தோட்டத்து ரோட்டில் ஏறும்போது அடிவயிறு கல்லில் இடிக்க, அந்த நீள ஷாஃப்ட் அடியால்தான் போகிறது என்ற நினைப்பு ஒவ்வொரு கல்லுக்கும் வந்து பயமுறுத்தும். மூன்றே மாதத்தில் பழைய ஸ்பிரிங்கைத் திரும்பப் போட்டேன். மற்றபடி பெரிய மாற்றம் எதுவும் இல்லை. நானுஓயா மூடுபனிக்கு பம்பரின் கீழே இரண்டு மஞ்சள் லைட், அவ்வளவுதான். மேலே எழும்பும் ஹெட்லைட்டை மட்டும் யார் சொன்னாலும் மாற்ற மாட்டேன்.

பாகங்களுக்குக் கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைதான். என்ஜின் சாமான்கள் எப்படியும் அகப்படும், பின் ஸ்டியரிங் சாமான்களுக்குத்தான் தவம் கிடக்க வேண்டும். அதனால் ஜொயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்திருக்கிறதா என்று மழைக்காலத்தில் மாதம் ஒரு தடவை காருக்கடியில் படுத்துப் பார்க்கிறேன். கிழிந்த பூட்டுக்குள் சேறு போனால் ஜொயின்ட் போய்விடும்.

2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது பழைய கார்களுக்கெல்லாம் விலை ஏறியது. அப்போதே விற்றிருக்கலாமே என்று மனைவி இன்றைக்கும் சொல்வாள். போன கிழமை இடது பின் டை ரொட் எண்ட் ஆட ஆரம்பித்திருக்கிறது, அதை இன்னும் அவளிடம் சொல்லவில்லை.