மரம் தூங்காதாப்பா?

சிங்கப்பூருக்குக் குழந்தையோட போறவங்க, பகல்லயே எல்லாத்தையும் பார்த்துடணும்னு ஓடாதீங்க. நாங்க ஓடினோம், ஆறு மணிக்கே பாப்பா என் தோள்ல தூங்கிட்டா. மறுநாள் மத்தியானம் நல்லா படுத்து எழுந்து, இருட்டினதும் கார்டன்ஸ் பை தி பே பூங்காவுக்குப் போனோம். 25 முதல் 50 மீட்டர் உயர சூப்பர்ட்ரீகள், அதாவது மரம் மாதிரியே கட்டின கோபுரங்கள். 7.45-க்கும் 8.45-க்கும் பாட்டோட விளக்கு ஆட்டம், டிக்கெட் கிடையாது. எல்லாரும் போனைத் தூக்கிட்டு நிக்க, நாங்க துண்டை விரிச்சு மல்லாந்துட்டோம். கழுத்து தப்பிச்சது. பாப்பா கன்னத்துல ஊதா வெளிச்சம் ஊர்ந்து பச்சையாச்சு. "மரம் தூங்காதாப்பா?"

அடுத்த ராத்திரி நைட் சஃபாரி. 1994-ல திறந்தது, இரவு விலங்குகளுக்குன்னே அமைச்ச உலகின் முதல் பூங்கா. ஃபிளாஷ் அடிக்கக் கூடாது. டிராம் கிளம்பிப் பத்து நிமிஷம்கூட ஆகல, பாப்பா மறுபடியும் தோள்ல.