மெடிக்கலுக்கு முந்தின வாரம்

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் வண்டிகளையும் டிரைவர்களையும் பார்த்துக்கொள்வது என் வேலை. சிறு விவசாயிகளிடம் பச்சை இலை எடுக்கப் போகும் வண்டிகள் ஒரு பக்கம், தேயிலை மூட்டை ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் இறங்கும் லாரிகள் இன்னொரு பக்கம். இவர்கள் லைசென்ஸைப் புதுப்பிக்க டாக்டர் கையெழுத்திட்ட படிவம் 1-ஏ வேண்டும். முன்பு 3 வருடத்துக்கு ஒரு முறை புதுப்பித்தோம். 2019-இல் சட்டத்தைத் திருத்திய பிறகு 5 வருடம் ஆகிவிட்டது. ஐம்பதைத் தொடுகிற ஒருவர் உடம்பில் 5 வருடத்தில் என்னென்னவோ நடந்துவிடும். அதனால் லைசென்ஸ் தேதி வராவிட்டாலும் வருடத்துக்கு ஒரு தடவை எல்லோரையும் டாக்டரிடம் அனுப்புகிறோம்.

மெடிக்கல் என்றதும் டிரைவர்கள் செய்வது எனக்குப் பாடம். நாலைந்து நாள் குடிக்க மாட்டார்கள். ஊறுகாயைத் தொட மாட்டார்கள். எந்த டாக்டர் அதிகம் கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போடுவார் என்று விசாரிப்பார்கள். டாக்டர் முன்னால் உட்காரும் அந்தக் கால் மணி நேரத்துக்காக உடம்பைத் தேற்றுவதுதான் அவர்கள் கணக்கில் தயாரிப்பு. நான் வேறு மாதிரித் தயாராகச் சொல்கிறேன்.

அந்தப் படிவம் கேட்கிற கேள்விகள் அவசியமானவை. நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்திலுள்ள நம்பர் பிளேட் தெரிகிறதா, சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க முடிகிறதா, மாலைக்கண் உண்டா, காது கேட்கிறதா. ஆனால் மழைக்காலத்தில் இங்கே பல நாள் நல்ல பகல் வெளிச்சமே இருக்காது. மூடுபனி இறங்கினால் 25 மீட்டருக்கு அப்பால் யாருக்கும் எதுவும் தெரியாது. கண்புரை ஆரம்பித்திருக்கிற ஒருவர், வெளிச்சமான அறையில் கண் டாக்டரின் எழுத்து அட்டையைத் தடுமாறாமல் படித்துவிடலாம். ராத்திரியில் எதிரே வருகிற பஸ்ஸின் ஹெட்லைட் அவர் கண்ணுக்குள் பூ மாதிரி விரிந்துவிடும். அவராகச் சொன்னால்தான் டாக்டருக்கு அது தெரியவரும்.

கழுத்தும் அப்படித்தான். மலைப்பாதையில் இடம் குறுகினால் ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும். கொண்டை ஊசி வளைவில் திரும்புமுன் பக்கவாட்டில் குனிந்து கீழே என்ன வருகிறது என்று பார்த்தாக வேண்டும். கழுத்து பிடித்துக்கொண்டவருக்கு அது முடியாது. கை கால் ஊனத்தைக் கேட்கிற படிவத்தில் கழுத்துக்கென்று தனிக் கேள்வி இல்லை.

அதனால் முந்தின வாரமே ஒரு தாளில் எழுதி வைக்கச் சொல்கிறேன். கழுத்து, முழங்கால், ராத்திரி வெளிச்சம், சாப்பிடுகிற மாத்திரைகள் எல்லாம். சளிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்குகிற மாத்திரையையும் எழுத வேண்டும். அதில் பல தூக்கத்தைக் கொண்டுவரும். பனிக்காலத்தில் நம் ஆட்கள் அதைப் போட்டுக்கொண்டுதான் ஸ்டியரிங் பிடிக்கிறார்கள். வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டும் என்றால் சுகர் மாத்திரையை எப்போது போடுவது என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கி, வரிசையில் நிற்கும்போதே மயக்கம் வரலாம்.

பிரஷர் பார்க்கிற விஷயத்தில் மலைக்கென்று ஒரு தொல்லை உண்டு. இங்கே எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் படியோ மேடோ ஏறித்தான் போக வேண்டும். மூத்த டிரைவர் ஒருவர் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்து, பீடியும் பிடித்துவிட்டு, மேடு ஏறி வந்த மூச்சு அடங்குவதற்குள் கையை நீட்டினார். 170/100. அவர் முகம் விழுந்துவிட்டது. நர்ஸ் அவரைச் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லி, முதுகு சாய்த்து, கால் இரண்டும் தரையில் பட, பேசாமல் உட்கார வைத்தார். அரை மணி கழித்து, கையை நெஞ்சு உயரத்துக்கு மேசையில் வைத்துப் பார்த்தபோது 156/94. டீயும் பீடியும் மேடும் ஏற்றியது கொஞ்சம்தான். மீதி உண்மையான பிரஷர். இன்னொரு நாளும் பார்த்துவிட்டுத்தான் மாத்திரை எழுதினார்கள். இப்போது கட்டுக்குள் இருக்கிறது, லாரியும் ஓட்டுகிறார்.

அன்று அவர் என்னிடம் கேட்டது: "பிரஷர்னு எழுதிட்டா வண்டி தர மாட்டீங்களா தம்பி?"

எல்லோரும் மறைப்பது அந்தப் பயத்தினால்தான். வண்டி எடுக்காத நாளுக்குப் பேட்டா கிடையாது. சம்பளத்தை மட்டும் வைத்துக்கொண்டு பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸும் சீட்டுப் பணமும் கட்ட முடியாது. அப்படிப்பட்டவரிடம் 'உண்மையைச் சொல்லுங்க' என்று புத்தி சொல்வது நியாயமே இல்லை. அதனால் மேனேஜரிடம் பேசினேன். டாக்டர் கொஞ்ச நாள் ஓட்ட வேண்டாம் என்றால், இலை எடை போடுகிற இடத்திலோ குடோனிலோ வேலை, பழைய பேட்டாவின் சராசரியோடு. ஒத்துக்கொண்டார். அதன் பிறகுதான் தாளில் ஏதாவது எழுதி வர ஆரம்பித்தார்கள். முதல் தடவை பாதிப் பேர் வெறும் தாளைத்தான் கொடுத்திருந்தார்கள்.

இந்த முறை ஒருவர் தாளில் அவர் மனைவியின் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது. குறட்டை நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறது, பகலில் உட்கார்ந்தால் தூங்கிவிடுகிறார் என்று. டாக்டர் அந்த வரியைப் பார்த்ததும் மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு அதைத்தான் கேட்டார். தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறவருக்கு எத்தனை மணி நேரம் படுத்தாலும் தூக்கம் போதாது. மூட்டை ஏற்றிய லாரியை இரண்டாம் கியரில் இறக்கும்போது கண் ஒரு நொடி மூடினால் போதும். கோயம்புத்தூரில் தூக்கப் பரிசோதனைக்குத் தேதி வாங்கியிருக்கிறோம். அதுவரை எடை போடுகிற இடத்தில் இருக்கிறார்.

பேட்டா விஷயம் இன்னும் வாய்ப்பேச்சாகத்தான் இருக்கிறது. மேனேஜர் மாறினால் போய்விடும். எழுத்தில் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். மழைக்காலம் தொடங்குவதற்குள் அடுத்த குழுவை அனுப்ப வேண்டும். மேனேஜர் எழுதிக் கொடுக்கும் தாளை அவர்களுக்குக் காட்டிவிட்டு அனுப்ப வேண்டும் என்பது என் ஆசை.