‘ஃபார்மலா வாங்க, போதும்’ என்றார்கள்

வேலைக்கான புரொஃபைல் படம் எடுக்க ஸ்டுடியோவில் நேரம் வாங்கியிருப்பவர்கள் ஒரு கேள்விக்கு மட்டும் பதில் வாங்காமல் விடாதீர்கள்: பின்னணி என்ன நிறம்? நானும் கேட்டேன். போனில் பேசியவர் ‘ஃபார்மலா வாங்க சார், போதும், மிச்சத்தை நாங்க பாத்துக்குவோம்’ என்று வைத்துவிட்டார். மறுபடி கூப்பிட்டபோதும் அதே பாட்டுதான். மெல்லிய கோடு போட்ட சட்டை பரவாயில்லையா என்றேன், ‘தாராளமா’ என்றார்.

சரி என்று நீலக் கோடு போட்ட சட்டையும் கறுப்புக் கோட்டுமாகப் போய் நின்றால், பின்னணியும் கறுப்பு. தோள் எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை, தலை மட்டும் தனியாக மிதக்கிறது. பின்பக்கமிருந்து தோள் விளிம்பில் வெளிச்சம் விழுகிற மாதிரி ஒரு விளக்கு வைத்தால் இது சரியாகிவிடும். அந்த விளக்கு வேறு அறையில் மாட்டிக்கொண்டிருந்ததாம். கோட்டைக் கழற்றச் சொல்லிச் சட்டையோடு எடுத்தார்கள். அதற்கப்புறம் எல்லாம் மளமளவென்று முடிந்தது.

படங்கள் வந்தபோதுதான் வயிறு எரிந்தது. சட்டை முழுக்க பச்சையும் ஊதாவுமாக அலை அலையாக நெளிகிறது. இதை மோரே என்பார்கள். துணியின் நெருக்கமான கோடுகள் கேமராவுக்குள் படத்தைப் பதிவு செய்கிற சென்சாரில் விழும்போது அவற்றின் இடைவெளி, அதிலுள்ள பிக்சல் புள்ளிகளின் இடைவெளியை ஒட்டி வந்துவிட்டால், சட்டையில் இல்லாத டிசைன் எல்லாம் படத்தில் வந்துவிடும். மெல்லிய கோடு, பொடிக்கட்டம், மீன்முள் மாதிரி சாய்கோடுகள் வருகிற ஹெரிங்போன் நெசவு எல்லாமே இந்த ரகம்தான். எடுத்தவர் அப்போதே கவனித்து, கொஞ்சம் முன்னே பின்னே நகர்ந்து எடுத்திருந்தாலே பெரும்பாலும் போயிருக்கும்.

கேட்டால் ‘உங்க ஸ்க்ரீன்ல அப்படித் தெரியுது சார்’. இந்தப் பதிலில் பாதி உண்மை இருப்பதுதான் எரிச்சல். படத்தைச் சுருக்கிப் பார்க்கும்போது இந்த அலை சும்மாவே தோன்றுவதும் உண்டு. அதனால் 100 சதவீத அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள், அங்கேயும் நெளிந்தால் கோளாறு கோப்பிலேயே இருக்கிறது. அப்படிப் பெரிதாக்கி எடுத்த ஸ்க்ரீன்ஷாட்டை அனுப்பினேன். துணியில் ரீடச் செய்ய, அதாவது கணினியில் சரிசெய்ய, தனிக் கட்டணம் என்று அதுவரை சாதித்துக்கொண்டிருந்தவர், சத்தமில்லாமல் மறுபடி எடுத்துத் தர ஒப்புக்கொண்டார்!

இந்தத் தடவை அவர்களை நம்பவில்லை. இருக்கிற சட்டைகளை ஒவ்வொன்றாகப் போட்டு, ஜன்னலோரம் நின்று மொபைலில் எடுத்துப் பார்த்தேன். பளிச்சென்ற சிவப்பு போட்டால் தாடைக்கு அடியில் அந்தச் சிவப்பே வந்து அப்பிக்கொள்கிறது. வெள்ளைச் சட்டை வெள்ளைப் பின்னணியில் கரைந்துபோகும். அதோடு பல சலவைத் தூள்களில் வெண்மைக்காகச் சேர்க்கும் பொருள் ஃபிளாஷில் இருக்கிற புற ஊதாக் கதிர் பட்டால் நீலமாக ஒளிரும், துணி மெல்லிசாக இருந்தால் உள்ளே போட்ட பனியனும் தெரியும். பளபளக்கிற துணியில் விளக்கு பட்டுத் திட்டுத் திட்டாக விழும். கடைசியில் தேறியது வேலைப்பாடு எதுவும் இல்லாத, பளபளப்பு இல்லாத அடர்நீலச் சட்டை. கரும்பச்சையும் எனக்குப் பிடித்திருந்தது, ஆனால் பின்னணியைப் பிறகு கணினியில் மாற்றுவதற்காகப் பச்சைத் திரை வைத்து எடுக்கிற ஸ்டுடியோ என்றால், பச்சையை நீக்கும்போது சட்டையிலும் ஓட்டை விழும். இதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

மார்புக்கு மேல்தான் படம் என்றால் பேண்ட், ஷூவுக்கெல்லாம் மெனக்கெட வேண்டாம். எல்லாம் கழுத்துப் பக்கம்தான். காலர் தொளதொளவென்று இருந்தால் முகமே சோர்ந்து தெரியும். கழுத்து ரொம்ப அகலமான உடை போட்டால், புரொஃபைலுக்காக வட்டமாக வெட்டும்போது உடையே இல்லாத மாதிரி ஆகிவிடும், இது பெண்கள் கவனிக்க வேண்டியது. கோட் கொஞ்சம் பெரிதாக இருந்தால் கவலையில்லை, முதுகுப் பக்கம் இழுத்து கிளிப் போட்டுவிடலாம், கேமராவுக்கு முதுகு தெரியப்போவதில்லை. உட்கார்ந்து எடுத்தால் கோட் தோளில் ஏறிக்கொண்டு நிற்கும். பின்பக்க விளிம்பை இழுத்து அதன் மேலேயே உட்கார்ந்துவிடுங்கள். சட்டையை அயர்ன் செய்து ஹேங்கரில் கொண்டுபோய் அங்கே மாற்றுவதுதான் நல்லது, பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒரு சுருக்கம்கூடத் தப்பாது.

மறுபடி போனபோது பின்னணி சாம்பல் நிறம், நான் கேட்டபடியே. கேமராவை லேப்டாப்போடு இணைத்து எடுக்கச் சொன்னேன். ஓரிரு படம் எடுத்ததுமே நிறுத்தி, காலரையும் தோளையும் முழு அளவுக்குப் பெரிதாக்கிக் காட்டச் சொன்னேன். ‘எல்லாம் நல்லா வந்திருக்கு சார்’ என்று முகத்தைச் சுளித்தார். சுளிக்கட்டும், பார்த்துவிட்டுத்தான் நாற்காலியை விட்டு எழுந்தேன்.