சுகர் வந்தபின் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் குத்திப் பார்த்ததில் தெரிந்தது

ஆபீஸில் வருஷா வருஷம் நடக்கும் மெடிக்கல் செக்கப்பில்தான் எனக்கு சுகர் இருப்பது தெரிந்தது. வெறும் வயிற்றில் 152, எச்பிஏ1சி 8.1. அதிக தாகம், அடிக்கடி யூரின், எடை குறைவது என்று ஒன்றுமே இல்லை. வயது 43, வேளச்சேரியிலிருந்து ஓஎம்ஆருக்கு தினமும் பைக்கில் போய்வருகிற ஆள், உடம்பு ஒல்லிதான், தொப்பை மட்டும் கொஞ்சம். நம்மவர்களுக்கு அந்தத் தொப்பையே போதும் என்றார் டாக்டர்.

வெறும் வயிற்றில் 126, எச்பிஏ1சி 6.5, இவற்றைத் தொட்டாலே சர்க்கரை நோய் என்றுதான் கணக்கு. ரத்தச் சிவப்பணு சுமார் 120 நாள் இருக்கும், அதில் ஒட்டிய சர்க்கரையை அளப்பதால் எச்பிஏ1சி கடந்த இரண்டு மூன்று மாத சராசரியைச் சொல்லிவிடுகிறது. டெஸ்டுக்கு முந்தின நாள் மட்டும் வாயைக் கட்டிப் பிரயோஜனமில்லை. மெட்ஃபார்மின் 500, காலையும் இரவும் சாப்பாட்டோடு எழுதிக்கொடுத்தார். ஆரம்பத்தில் வயிறு படுத்தியது, போய்ச் சொன்னதும் மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றினார், சரியாகிவிட்டது. வயிறு ஒத்துக்கொள்ளவில்லை என்று மாத்திரையையே நிறுத்திவிடுகிறவர்கள் தயவுசெய்து அதற்கு முன் டாக்டரிடம் இதைக் கேளுங்கள்.

பெரிய குழப்பம் சாப்பாட்டில்தான். பக்கத்து வீட்டு மாமி சாதத்தை விட்டு சப்பாத்திக்கு மாறச் சொன்னார், மாமனார் கேழ்வரகுக் கஞ்சி என்றார், ஆபீஸில் பாகற்காய் ஜூஸ். டாக்டர் சொன்னது வேறு: விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தில் சுகர் பார்க்கும் குளுக்கோமீட்டர் வாங்குங்கள், சாப்பிடும் முன் ஒரு தடவை, முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரத்தில் ஒரு தடவை பாருங்கள், என்ன சாப்பிட்டீர்கள் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். ஸ்ட்ரிப் விலைக்கு எல்லா வேளையும் கட்டுப்படியாகாது, அதனால் ஒரு வாரம் காலை டிபன், அடுத்த வாரம் மதியம், அப்புறம் இரவு என்று வைத்துக்கொண்டேன்.

அந்த நோட்டு எனக்குச் சொல்லிக்கொடுத்ததை வேறு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது. நாலு இட்லியும் சட்னியும்: 118 இருந்தது 214 ஆனது. இரண்டு இட்லி, காய் நிறைய போட்ட சாம்பார், ஒரு அவித்த முட்டை: 165. மூன்று சப்பாத்தியை உருளைக்கிழங்கு குருமாவோடு சாப்பிட்டால், அளவாகப் போட்டுக்கொண்ட சாதத்தைவிட அதிகமாகவே ஏறியது. கேழ்வரகைக் கஞ்சியாகக் குடித்தால் சரசரவென்று ஏறுகிறது, அதே மாவை முருங்கைக்கீரை போட்டு அடையாகத் தட்டினால் அவ்வளவு இல்லை. சாதத்தை நான் விடவில்லை. பொரியலும் கூட்டும் முதலில், சாதம் அதற்கப்புறம், ஒரு கரண்டி குறைவாக. இரவு சாப்பிட்ட கையோடு தெருவில் கால் மணி நேரம் நடந்தால் எனக்கு 30 வரை குறைகிறது, ஏனென்றால் நடக்கிற கால் தசை ரத்தத்திலிருந்து சர்க்கரையைத் தானே இழுத்துக்கொள்கிறது. உங்கள் எண்கள் வேறாகத்தான் இருக்கும், அதனால்தான் நீங்களே பாருங்கள் என்கிறேன்.

இரவு கொஞ்சமாகச் சாப்பிட்டும் காலையில் ஏன் 140 என்று ரொம்ப நாள் மண்டையைக் குடைந்தது. விடியற்காலையில் கல்லீரல் தன் கையிருப்பிலிருந்து சர்க்கரையை ரத்தத்தில் விடுகிறது, நமக்கு அது அளவு மீறிப் போகிறது, மெட்ஃபார்மின் முக்கியமாக அடக்குவது அதைத்தான்.

குத்துவதற்கு முன் சோப்பு போட்டுக் கை கழுவித் துடைத்துவிடுங்கள். மாம்பழம் நறுக்கிய கையோடு என் மனைவி விளையாட்டாகக் குத்திப் பார்த்து 240 வந்து வெலவெலத்துப் போனாள், கழுவிவிட்டுப் பார்த்தால் 104. விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. மீட்டரில் 15 சதவீதம் வரை முன்னே பின்னே இருக்கும், 150க்கும் 158க்கும் வித்தியாசம் தேடிக் கவலைப்பட வேண்டாம்.

மாமனார் கிளிமிபிரைடு என்ற சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர். மாத்திரையைப் போட்டுக்கொண்டு சஷ்டி விரதம் இருந்து, வியர்த்துக் கொட்டி கை நடுங்கியபோது அவருக்கு 58. மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, 70ஐத் தாண்டிய பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. இந்த மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் விரதத்துக்கு முன் டாக்டரிடம் கேட்டே ஆக வேண்டும்.

மூன்று மாதத்தில் எனக்கு எச்பிஏ1சி 6.8க்கு வந்தது. பாத உணர்வு, யூரினில் புரதம், கண் விழித்திரை மூன்றையும் வருஷத்துக்கு ஒரு தடவை பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் எல்லாம் மங்கலாகத்தான் தெரியும், அன்றைக்கு பைக்கை எடுக்காமல் யாரையாவது துணைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், கூலிங் கிளாஸும் கொண்டுபோங்கள், சென்னை வெயில் அப்போது கண்ணைத் திறக்கவே விடாது.